கட்டைப் பெடல்

பட்டறைப் பேச்சில் 'கட்டை' என்கிற சொல்லுக்கு வேலை அதிகம். சைக்கிள் சக்கரத்தைக் கவ்வுகிற ரப்பர் துண்டு, பிரேக் கட்டை. மிதித்தால் இறங்காமல் அடம் பிடிக்கிற பெடல், கட்டைப் பெடல். கோபம் வந்தால் கட்டையில் போகிறவனே என்று திட்டுவோம்; திட்டு வாங்கியவனே அரைமணி நேரத்தில் டீ வாங்கி வருவான். இந்தச் சொல்லை நான் ஒரு முறை என் மனைவியின் தம்பியைப் பார்த்துச் சொன்னேன். அது அவன்மேல் ஒட்டிக்கொண்டது. இன்னும் கழன்று வரவில்லை.

எனக்கு அரியலூரில் பட்டறை. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர்களுக்குப் பிரேக் வேலை மட்டும் பார்ப்பேன், வேறு வண்டியைத் தொடமாட்டேன். தொடத் தெரியாது என்பதுதான் உண்மை; தொடமாட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது. டிப்பரில் எல்லாம் காற்றில் வேலை செய்கிற ஏர் பிரேக். டிரைவர் சும்மா காலை வைத்தால் போதும், தொட்டியில் அடைத்து வைத்த காற்று பாய்ந்து போய்ச் சக்கரத்தைப் பிடித்துவிடும். பிடி போதவில்லை என்றால் சக்கரத்தின் பக்கம் இருக்கிற காற்றுக் குடுவையைக் கழற்றிவிட்டுப் பெரிய குடுவையாக மாட்டுவோம். பெரிசு போட்டால் நல்லா பிடிக்கும். இருபத்தைந்து வருடமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நான் கற்ற பாடம் இது ஒன்றுதான். இதை வைத்தே ஊரில் பிரேக் என்றால் நான் என்றாகிவிட்டது. வாயும் நீண்டுவிட்டது.

மச்சினன் பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளன். இருபத்திரண்டு வயதில் சிறுவாச்சூர் பக்கம் பைக்கிலிருந்து விழுந்ததில் வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். நடப்பான், கொஞ்சம் சாய்ந்து நடப்பான். பாதத்தில் பாதி உணர்ச்சி திரும்பி வரவில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் பத்தடி போன பிறகுதான் அவனுக்குத் தெரியும். இதை நடித்துக் காட்டி நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் பந்தியையே சிரிக்க வைத்திருக்கிறேன். அக்கா புருஷன் மச்சினனைக் கேலி செய்யலாம் என்று நம் ஊரில் லைசென்சு உண்டு. அந்த லைசென்சை நான் ஒரு வருடம்கூடக் காலாவதியாக விட்டதில்லை. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். எதைச் சொன்னாலும் அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்கிறவனை அடிப்பது சுலபம்.

அவன் கல்லூரியில் ஒரு செட்டுப் பிள்ளைகள் சின்னதாக ஒரு கார் கட்ட ஆரம்பித்து, பரீட்சை முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரும்புக் குழாயில் சட்டம், இரண்டு சீட்டு, கூரை கிடையாது, மேலே ஃபைபர், உள்ளே ஒரு பழைய குட்டிக் காரின் எஞ்சின். நாலு பேர் சேர்ந்தால் முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவு லேசு. மச்சினன் அதை எடுத்து இரண்டு வருடம் வேலை செய்தான். லீவு நாளெல்லாம் அதன் அடியில்தான் கிடந்தான். வண்டி உருவத்துக்கு வந்ததும் துறைத் தலைவர் வந்து சுற்றிப் பார்த்தார். இதைக் கல்லூரியின் காட்சி வண்டியாக வைத்துக்கொள்ளலாம், ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டலாம், அதற்கென்று ஓர் ஆள் வேண்டும் என்றார். சொல்லும்போதே மச்சினனின் காலைப் பார்த்தார்.

"மைதானத்துல ரெண்டு கோடு போடறேன். மொதக் கோட்டுல பிரேக் அடி. ரெண்டாவது கோட்டுக்குள்ள நின்னா வண்டி உன் பொறுப்பு. நிக்கலேன்னா ஓட்டுறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

அவனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதுவரை யாரும் அவனிடம் எதையும் உன் பொறுப்பு என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு, லோடு வண்டியில் காரையும் ஏற்றிக்கொண்டு, அரியலூருக்கு என் பட்டறைக்கு வந்து இறங்கினான்.

"மாமா, பெடல் கட்டையா இருக்கு. மிதிச்சா எறங்க மாட்டேங்குது."

மற்ற கார்களில் பெடலுக்குப் பின்னால் பானை மாதிரி ஒரு பூஸ்டர் இருக்கும். நாம் மிதித்தால் கூடச் சேர்ந்து அதுவும் மிதிக்கும். இவன் வண்டியில் அது கிடையாது. "ஒரு பூஸ்டர மாட்டு, தீந்துச்சு. இதுக்கா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்த?" என்றேன்.

"வேணாம் மாமா. வண்டியே லேசு. பூஸ்டர் போட்டா தொட்டதும் வெடுக்குனு பிடிச்சிக்கும். எனக்குப் பாதத்துல ஒண்ணும் தெரியாதுல்ல. பெடல் திருப்பித் தள்ளுனாத்தான் தொடைக்குத் தெரியும், எவ்ளோ மிதிச்சிருக்கேன்னு. கட்டையாவும் இருக்கக் கூடாது, பஞ்சு மாதிரியும் இருக்கக் கூடாது. மிதிக்க மிதிக்கக் கொஞ்சங் கொஞ்சமா ஏறணும். அது போதும் எனக்கு."

என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவனே யோசித்து வைத்திருந்தான். பெடல் மேலே ஒரு போல்ட்டில் தொங்குகிறது. அதன் இடையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் கோத்த கம்பிதான் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளி எண்ணெயைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஓட்டையை ஒரு விரற்கடை மேலே, போல்ட்டுக்குப் பக்கத்தில் போட்டால் கடப்பாரையை நீளமாகப் பிடித்து நெம்பின மாதிரி காலுக்குப் பலம் கூடும் என்றான். மாஸ்டர் சிலிண்டரை இப்போது இருப்பதைவிட ஒல்லியாகப் போட வேண்டும் என்றான். ஒல்லிச் சிலிண்டர் ஒன்றை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றியே கொண்டுவந்திருந்தான். இருக்கிற பிரேக் பேடு கனமான காருக்கானது, இந்த வண்டியில் அது சூடே ஆகாது, கொஞ்சம் மெத்தென்ற பேடு போட்டால் கடிக்கும் என்றான். பெடலில் புது ஓட்டை வர வேண்டிய இடத்தில் கூர் உளியால் ஒரு புள்ளி குத்தி வைத்திருந்தான். அந்தப் புள்ளியைச் சுற்றிக் குங்குமம். வண்டிக்கு நம்பர் கிடையாது, ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போட முடியாது. அதனால் பெடலை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறான். இது ஒன்று போதாதா எனக்கு? பெடலுக்குப் பொட்டு வைத்தாயே, பூ வைத்தாயா, புடவை கட்டினாயா என்று ஆரம்பித்தேன். டீ குடிக்க நின்ற நாலு டிரைவர்களும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அவன் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தான். மாட்டுக்குப் போடுகிற தடித்த சிரிஞ்ச் ஒன்று, மனிதர்களுக்குப் போடுகிற ஒல்லிச் சிரிஞ்ச் ஒன்று. இரண்டிலும் ஊசி இல்லை, நடுவில் ஒரு ரப்பர் குழாய், உள்ளே தண்ணீர்.

"தடிய நீங்க அமுக்குங்க மாமா. ஒல்லிய நான் அமுக்கறேன். யாரு செயிக்கிறான்னு பாப்போம்" என்றான்.

"பிரேக் பாக்க வந்தியா, ஊசி போட வந்தியா மாப்ள?" என்று அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். போட்டு மூடிவிட்டேன். அமுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நாலு பேர் முன்னால் லேப் உதவியாளனிடம் பாடம் கேட்பதா என்று இருந்தது எனக்கு.

அவன் கேட்ட மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. ஒல்லியாகப் போடு என்று அவன் சொன்ன இடத்தில், ஒரு வேனிலிருந்து கழற்றிய தடியான மாஸ்டர் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டினேன். பெரிசு போட்டால் நல்லா பிடிக்கும். ஓட்டையும் போடவில்லை, பேடும் மாற்றவில்லை. எண்ணெய் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை வெளியே எடுத்து, வண்டிக்கு வெளியே நின்றபடி காலை உள்ளே விட்டு, என் எண்பத்தைந்து கிலோவையும் சாய்த்து ஒரு மிதி மிதித்தேன். பெடல் கொஞ்சம்கூட ஆடவில்லை, கருங்கல் மாதிரி நின்றது. "பாத்தியா, இதான் பிரேக்கு" என்றேன். டிரைவர்களும் ஒவ்வொருவராகக் காலை விட்டு மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். கெட்டியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

மச்சினன் மட்டும் சீட்டில் உட்கார்ந்து மிதித்தான். முகம் சிவந்தது. இன்னொரு முறை மிதித்தான்.

"முன்னைக்கு இப்பதான் ரொம்பக் கட்டையா இருக்கு மாமா" என்றான்.

அப்போது சொன்னேன். "பெடல் கட்ட இல்ல மாப்ள. உன் கால்தான் கட்ட."

டிரைவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். நல்ல நேரத்தில் நல்ல வார்த்தை வாயில் வந்து விழுந்த சந்தோஷம் எனக்கு. மச்சினனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து தன் காலைப் பார்த்தான். அதுவரை அவன் பெடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் ஓட்டையைப் பற்றியோ சிலிண்டரைப் பற்றியோ பேசவே இல்லை. பிரேக் விஷயத்தில் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டான். செய்தித்தாளில் சுற்றிய ஒல்லிச் சிலிண்டரை என் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பெரம்பலூரிலிருந்து மாமியார் என் மனைவிக்குப் போன் செய்து புலம்பினார். தினமும் காலையில் எழுந்து சுவரில் பலகையைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலால் அதை நூறு தடவை தள்ளுகிறானாம். "மொழங்காலு வீங்கிக் கெடக்குடி. கேட்டா மாமா கால்லதான் கோளாறுன்னாரு, சரி பண்றேங்கறான்" என்றார். மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சுவரு இடிஞ்சிடப் போவுது, பாத்துத் தள்ளச் சொல்லு" என்றேன்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தான். பிரேக் பார்த்துக் கொடுத்தவர் என்று துறைத் தலைவருக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தான். மைதானத்தில் கபடிக்குப் போடுகிற மாதிரி சுண்ணாம்புப் பொடியில் இரண்டு கோடு. மச்சினன் புது ஷூ போட்டிருந்தான், வலது ஷூவின் கயிற்றைக் கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. முதல் கோட்டைத் தொட்டதும் அவன் தலை பின்னால் சாய்வதைப் பார்த்தேன், அவ்வளவு பலத்தோடு மிதித்தான். வண்டி வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இரண்டாவது கோட்டைத் தாண்டியது. இடது காலையும் தூக்கி வலது காலின் மேல் வைத்து மிதித்தான். போய்ப் புது வேப்பங்கன்றுக்குக் கட்டியிருந்த கம்பிக் கூண்டில் மோதி நின்றது.

அவன் இறங்கினான், நிற்க முடியாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டான். துறைத் தலைவர் என்னிடம், பிரேக்கில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேனோ என்னவோ. "பிரேக்கெல்லாம் சுத்தமா இருக்குங்க சார். வேணும்னா அவரு காலுக்கு ஒரு ஏர் பிரேக் மாட்டி உடறேன்" என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். மச்சினன் சிரிக்க முயன்றது எனக்குத் தெரிந்தது. உதடு மட்டும் விரிந்தது.

வண்டியை ஓர் இளம் வாத்தியாரிடம் கொடுத்தார்கள். மச்சினன் மூன்று வாரம் படுத்துக் கிடந்தான், காலில் கம்பி வைத்த இடத்தில் வலி. எழுந்து வந்ததும் அவனை லேபிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் அவசரம் என்றால் யார் வீட்டுக் காரையாவது ஓட்டிக் கொடுப்பான், ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு என்று. அதையும் நிறுத்திவிட்டான். "நமக்கு எதுக்கு, கால் கட்ட" என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். என் பட்டறை டிரைவர்கள் அவனைக் கட்டை என்றே கூப்பிட்டார்கள், அவன் திரும்பிப் பார்த்தான். என் மகளுக்குக்கூட அவன் கட்டை மாமா ஆனான். அவள் ஆசையாகத்தான் கூப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த இளம் வாத்தியார் காரை லோடு வண்டியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆள் பயில்வான் மாதிரி இருப்பார். "பெடல் கட்டையா இருக்குங்க, கால் கடுக்குது" என்றார். இவனும் சோப்ளாங்கியா என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் போன பிறகு, எதற்கோ தெரியவில்லை, நான் முதன்முறையாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். அதுவரை வெளியில் நின்று உடம்பைச் சாய்த்துத்தானே மிதித்திருக்கிறேன். உட்கார்ந்து மிதித்தால் காலின் பலம் மட்டும்தான். மிதித்தேன். என் தொடை நடுங்கியது. என் கால், பாதம் முழுக்க உணர்ச்சி உள்ள, ஒரு கம்பியும் இல்லாத கால்.

மதியச் சாப்பாட்டோடு மனைவி வந்தாள். நான் டிராயரைத் திறந்து சிரிஞ்சுகளை எடுத்து, குழாயில் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒல்லியை அவள் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னேன். தடியை நான் அமுக்கினேன், இரண்டு கட்டை விரலையும் வைத்து. அவள் ஒரே விரலால், கூடையைக்கூட இறக்கி வைக்காமல், என்னைப் பின்னால் தள்ளினாள். தடியைப் பிடித்திருந்த என் விரல் வெளுத்துப் போயிற்று. மாற்றிக்கொண்டோம். அவள் தடியை எவ்வளவு அமுக்கினாலும் என் சுண்டுவிரலை மீற முடியவில்லை.

ஏர் பிரேக் வண்டியில் தள்ளுவது தொட்டியில் இருக்கிற காற்று. இதில் தள்ளுவது மனிதன் கால். காலின் பக்கம் தடியாக மாட்டினால் அந்தப் பலம் முழுவதும் பரவிச் சப்பென்று போய்விடும். பெரிதாக இருக்க வேண்டியது சக்கரத்தின் பக்கம். இருபத்தைந்து வருடப் பாடத்தை நான் தலைகீழாக மாட்டிவிட்டேன். அவனுக்கு உதவி செய்கிறேன் என்று இருந்த கட்டையை இரண்டு மடங்காக்கி, அதையும் அவன் கால்மேல் போட்டேன்.

மனைவி சிரிஞ்சைக் கீழே வைத்தாள். "இதத்தான் அன்னிக்கு அவன் காட்ட வந்தானா?" என்று கேட்டாள். நான் குழாயைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினேன். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க அவன்ட்ட" என்று சொல்லிவிட்டுக் கூடையை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் ஒரு மதியம்தான் இருந்தது. சாயங்காலம் வேலையை ஆரம்பித்ததும் போய்விட்டது.

அலமாரியிலிருந்து அவனுடைய ஒல்லிச் சிலிண்டரைப் பிரித்து மாட்டினேன். பெடலில் அவன் குத்தி வைத்த புள்ளி அப்படியே இருந்தது, குங்குமம் கறுத்துப் போயிருந்தது. அதே புள்ளியில் துளை போட்டேன். அவன் சொன்ன மெத்தென்ற பேடும் போட்டேன். உட்கார்ந்து மிதித்தேன். பெடல் கொஞ்சம் இறங்கி, பிறகு காலைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்கக் கொஞ்சங் கொஞ்சமாக ஏறியது. அவன் கேட்டது இதைத்தான் என்று மிதித்தபோதுதான் புரிந்தது. இவ்வளவு பிரேக் பார்த்தவன் நான், ஒரு பெடலை மிதித்துக் கண் கலங்கியது அன்று ஒரு நாள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியாருக்குப் போன் செய்து, வண்டி ரெடி என்றேன்.

கல்லூரியில் அந்த வாத்தியார் முதல் கோட்டில் பிரேக் அடித்தார், வண்டி இரண்டாவது கோட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றது. கை தட்டினார்கள். ஏர் பிரேக்காரர் கை வைத்தால் வைத்ததுதான் என்று துறைத் தலைவர் என் தோளில் தட்டினார். மச்சினன் ஸ்டோர் ரூம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் சாய்ந்து சாய்ந்து என்னிடம் வந்தான்.

"நல்லா நிக்குது மாமா. என்ன பண்ணீங்க?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நீ சொன்னதைத்தான் பண்ணினேன் மாப்ள. அது என் நாக்கு வரைக்கும் வந்தது. துறைத் தலைவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"ஒண்ணும் பண்ணல மாப்ள. சும்மா கழட்டிக் கிளீன் பண்ணி மாட்டுனேன்."

அவன் தலையாட்டினான். "அப்ப என் கால்தான்" என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக இருந்த ஒரு சந்தேகம் தீர்ந்தவன் மாதிரி சொன்னான்.

போன வருடம் அவனுக்கு ஒரு பெண் பார்த்தோம். அரியலூர்ப் பெண். அப்பா டிப்பர் வைத்திருப்பவர், அவர் வண்டி அத்தனைக்கும் பிரேக் என் பட்டறையில்தான். என்னால்தான் அந்தச் சம்பந்தமே வந்தது. பெண்ணுக்கும் இவனைப் பிடித்திருந்தது. காபி கொடுத்துவிட்டு உள்ளே போனவள் ஜன்னல் பக்கம் நின்று இன்னொரு தடவை பார்த்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள். காலைப் பற்றி எல்லாம் முன்பே சொல்லியிருந்தோம். பெண்ணின் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார், பொண்ணு ஜெயங்கொண்டத்தில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளைக்குக் கார் ஓட்ட வருமா, ஒரு கார் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன் என்று.

"இல்லீங்க. எனக்குக் கால் கட்ட, பிரேக் மிதிக்க வராது. மாமாவே பாத்துட்டுச் சொல்லிட்டாரு" என்றான் மச்சினன்.

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா? அவ்ளோ மோசமாவா இருக்கு?"

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வேன் என்று நினைத்தாள். அவள் முகத்தில் அந்த நம்பிக்கை இருந்தது, அதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையின் கால் நல்ல கால், நான்தான் சிலிண்டரைத் தப்பாக மாட்டினேன் என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் கேட்கிறவர் டிப்பர் முதலாளி. சிலிண்டர் மாட்டத் தெரியாதவன் கையிலா என் வண்டிகளை விட்டேன் என்று நினைத்துவிட்டால்? அந்த ஒரு நொடியில் என் கண்ணுக்கு மச்சினனும் தெரியவில்லை, அந்தப் பெண்ணும் தெரியவில்லை. என் பட்டறை போர்டுதான் தெரிந்தது.

"கொஞ்சம் கட்டதாங்க" என்றேன்.

அவர் "ஓ" என்றார். பேச்சு வெயிலுக்கும் மழைக்கும் போயிற்று. வீட்டுக்குள் வந்ததும் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "கட்டையில போறவனே" என்றாள். இருபது வருடத்தில் என்னை அவள் நீ வா போ என்றதில்லை.

நாலாம் நாள் மச்சினன் போன் செய்தான். சமையலறையில் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள்.

"கட்ட பேசறேன் மாமா" என்றான். இப்போதெல்லாம் அப்படித்தான் தொடங்குகிறான். "பொண்ணு வூட்ல வேணாம்னு சொல்லி உட்டுட்டாங்களாம், தெரியுமா?"

"ம். கேள்விப்பட்டேன்."

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க. அக்கா உங்கமேல கோவமா இருக்காம், அம்மா சொன்னுச்சு. நான் பேசிக்கறேன் அதுகிட்ட. நீங்க உள்ளதத்தான சொன்னீங்க? மறச்சுக் கட்டி வச்சி, நாளைக்கு அந்தப் புள்ளயப் பக்கத்துல ஒக்கார வச்சிட்டுப் போயி எதுலயாவது மோதியிருந்தா? நீங்க சொன்னதே நல்லதாப் போச்சு மாமா."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். காத்திருந்தாள். அந்தப் பக்கம் அவனும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது.

"சரி, வச்சிடவா மாமா?"

"வச்சிடு கட்ட" என்றேன்.

வாய் தவறி வரவில்லை. பழக்கத்தில் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.